தச்சுப் பட்டறையும் பள்ளிக்கூடமும்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தால் ஒழுக்கத்தைப் பற்றியோ, காலந் தவறாமையைப் பற்றியோ பேசுவான் என்று மாணவ நேயர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று பேச வந்திருப்பது ஒரு முக்காலியைப் பற்றி. அந்த முக்காலி முதலில் நாலு காலோடுதான் பிறந்தது என்பதையும், அது கால் ஒன்றை இழந்த வரலாற்றையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மந்தைவெளியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய மேசையைப் போட்டு, ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கைவாள், ஒரு மூலைமட்டம், ஒரு கொட்டாப்புளி இவற்றை வாங்கிவைத்துக்கொண்டு தச்சு வேலை கற்கத் தொடங்கினேன். வருமானத்துக்காக அன்று, பொழுதுபோக்காகத்தான். முதல் முயற்சி, உட்காருவதற்கு ஒரு சிறு ஆசனம். பலகையில் நாலு துளையிட்டு நாலு கால்களைச் செருகினேன். தரையில் வைத்ததும் ஆடியது. நீளமாகத் தோன்றிய காலைச் சிறிது அறுத்தேன். இப்பொழுது வேறு பக்கம் ஆடியது. அந்தப் பக்கத்துக் காலை அறுத்தேன். இப்படி ஒன்றரை மணி நேரம் நீதி வழங்கியபின், முழங்கால் உயரம் இருந்த ஆசனம் சாப்பிட உட்காரும் மணையின் உயரத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பொழுதும் ஆடிற்று.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சர் ஒருவர் அதனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பதுதான் சரி. “தரையும் மட்டம் இல்லை, சார். மூணு கால் போட்டிருந்தீங்கன்னா எந்தத் தரையிலும் ஆடாது” என்றார்.

நான் கணித ஆசிரியன். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதிக் காட்டியவன். நான்காவது புள்ளி அதே தளத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த வாக்கியம் என் கைக்கு வந்து சேர ஒரு பூவரசம் பலகையும் நாலு கால்களும் வீணாக வேண்டியிருந்தது. கைக்கும் அறிவுக்கும் இடையே உள்ள இத்தூரத்தைக் கல்வியாளர்கள் எப்பொழுது கண்டார்கள், அதனைக் குறைக்க என்ன செய்தார்கள், அதில் நம் தமிழ்நாட்டின் பங்கு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நமது பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. 1787ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789இல் எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலால் அது ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவிற்று. மணலின் சிறப்பு, பிழை செய்தால் உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டு மீண்டும் எழுதலாம் என்பது. செலவு இல்லை; அவமானமும் அதிகம் இல்லை. மரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கோட்டுக்கு உள்ளே அறுத்த பலகையை மீண்டும் நீட்ட எந்த ஆசானாலும் ஆகாது. ஆகவே மரத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர நினைத்தவர்கள், பிழைக்கு என்ன இடம் தருவது என்ற கேள்வியை முதலிலேயே சந்திக்க நேர்ந்தது.

அதற்குமுன் மரவேலை யாருக்குச் சொந்தமாக இருந்தது? நம் நாட்டில் அது பிறப்பால் வந்தது. தச்சர் மகன் தச்சன். அவனுக்குப் பட்டறையே பள்ளி. நம் கோயில் தேர்களையும் வாகனங்களையும் பார்த்தவர்கள் அந்தப் பயிற்சி எத்துணை ஆழமானது என்பதை அறிவர். ஆனால் உளி பிடித்தவனுக்கு ஏடு கிடைக்கவில்லை. ஏடு பிடித்தவன் உளியைத் தொடவில்லை. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1855இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. கைத்தொழிலை மேம்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் அதுவும் தொழில் செய்யப்போகிறவனுக்கான பள்ளிதான். வக்கீலாகவோ குமாஸ்தாவாகவோ ஆகப்போகிற சிறுவனும் ஒரு பலகையை இழைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்பொழுது இங்கே எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்த எண்ணம் வடதுருவத்துக்கு அருகிலுள்ள குளிர்நாடு ஒன்றில் தோன்றிற்று. பின்லாந்து அக்காலத்தில் உருசியச் சக்கரவர்த்திக்கு உட்பட்டிருந்தது. ஊனோ சிக்னேயுஸ் என்பவர் அந்நாட்டுப் பாதிரியார். 1840 முதல் ஐந்து ஆண்டுகள், அன்று உருசியாவின் வசம் இருந்த அலாஸ்காவின் சித்கா என்ற ஊரில் பணி செய்தார். பின்பு ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பள்ளிகளைப் பார்வையிட்டார். பெஸ்டலாட்சி, பிரோபெல் ஆகிய கல்வியறிஞர்களின் கருத்துக்களில் தோய்ந்தார். பிரோபெல் மரக்கட்டைகளைக் குழந்தைகளின் கையில் கொடுத்தவர். குழந்தை விளையாடும் கட்டையை வளர்ந்த சிறுவன் ஏன் செதுக்கக் கூடாது என்று எண்ணினார் சிக்னேயுஸ். 1866இல் இயற்றப்பட்ட பின்லாந்துப் பொதுப்பள்ளிச் சட்டத்தில், கிராமப் பள்ளிகளில் படிக்கும் ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலை கட்டாயப் பாடமாக இடம் பெற்றது. எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு சரியாசனத்தில் கைவேலையை அமர்த்திய சட்டங்களுள் அது முந்தியது.

அண்டை நாடான சுவீடனில் இக்கருத்து ஒரு முறையாக உருப்பெற்றது. ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்ற வணிகர் 1868இல் நேஸ் என்ற ஊரில் ஒரு பண்ணையை வாங்கினார். அவருடைய மருமகன் ஆட்டோ சாலமன் அங்கே 1870களில் ஆசிரியர்களுக்கு மரவேலைப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1877இல் சிக்னேயுஸைச் சந்தித்தபின் அவருடைய நோக்கம் தெளிவு பெற்றது. இம்முறைக்கு ‘ஸ்லாய்ட்’ என்று பெயர். கைத்திறன் என்பது அச்சொல்லின் பொருள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நேஸுக்கு வந்து பயின்று சென்றனர்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் சாலமனின் பெயரைக் கல்விமுறை வரலாற்றில் ஒரு வரியாகத்தான் நான் மனப்பாடம் செய்தேன். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. உளி பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மனிதரின் கூர்மை எனக்குப் புலனாயிற்று. அவர் மாணவன் கையில் முதலில் கொடுத்தது இழைப்புளியை அன்று, வாளை அன்று, ஒரு கத்தியை. உழவர் வீட்டுச் சிறுவன் எவனும் கத்தியை முன்பே அறிவான். தெரிந்த கருவியில் தொடங்கித் தெரியாத கருவிக்குச் செல்லவேண்டும் என்பது அவர் விதி. செய்யவேண்டிய பொருள்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார். செடிக்கு முட்டுக் கொடுக்கும் குச்சி, அகப்பை, கோடரிப்பிடி என்று அவ்வரிசை மேலே செல்லும். ஒவ்வொரு பொருளும் புதிதாக ஏதேனும் ஒரு பழக்கத்தைக் கற்பிக்கும். ஒவ்வொன்றும் வீட்டுக்குப் பயன்படும். தாய் அந்த அகப்பையால் கஞ்சியைக் கிளறும்போது அது சாய்ந்திருந்தால் அந்தக் குற்றம் மாணவனுக்குத் தானே தெரியும், மதிப்பெண் போடவேண்டியதில்லை.

சாலமன் வகுத்த விதிகளுள் ஒன்று ஆசிரியர்களுக்கு மிகவும் கசப்பானது. மாணவனின் வேலையில் ஆசிரியன் கை வைக்கக் கூடாது. சொல்லலாம், வேறொரு மரத்துண்டில் செய்து காட்டலாம், மாணவனுடைய துண்டைத் தொட்டுத் திருத்தக் கூடாது. திருத்தினால் அந்தப் பொருள் நேராகும். மாணவன் நேராக மாட்டான். எத்தனை கணக்குகளை மாணவனின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி நானே போட்டு முடித்திருக்கிறேன் என்பதை எண்ணும்போது, இவ்விதியை நான் இளமையிலேயே உண்மையாகப் படித்திருக்கலாகாதா என்று தோன்றுகிறது.

இதே காலத்தில் மாஸ்கோவின் தொழிற்கல்லூரி ஒன்றில் வேறொரு முறை உருவாகி, 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியின் வாயிலாக அமெரிக்காவுக்குச் சென்றது. அது பொருள் எதனையும் செய்யாமல் துளை, கழுந்து, மூட்டு என்று வெவ்வேறு பயிற்சிகளை மட்டும் அளிப்பது. இலக்கண நூலை ஒப்புவிப்பது போன்ற முறை எனலாம். தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்க அது உதவியிருக்கும். என் மனம் நேஸின் பக்கமே சாய்கிறது.

இனித் தமிழர்கள் வரும் இடத்துக்கு வருவோம். அது தமிழ்நாடு அன்று, தென்னாப்பிரிக்கா. 1910ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தாம் வாங்கிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாடகையின்றித் தங்குவதற்கு ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றவர்களின் மனைவி மக்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர். குழந்தைகளுக்குத் தமிழும், குஜராத்தியும், இந்தியும், தெலுங்கும் தாய்மொழிகள். அவர்களுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பு காந்தியடிகளுக்கும் காலன்பாக்குக்கும் வந்தது.

காலன்பாக் டிராப்பிஸ்டுத் துறவியரின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். காந்தியடிகள் அவரிடம் கற்றார். கற்றதைப் பிறருக்குக் கற்பித்தார். காலன்பாக்குக்குத் தச்சு வேலையும் தெரியும். பண்ணையில் அதை அறிந்தவர் இன்னொருவரும் இருந்தார். ஆகவே ஒரு சிறு தச்சு வகுப்பும் நடந்தது. உட்காரப் பெஞ்சுகள் வேண்டியிருந்தன. அவற்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவரும், பெரிய மாளிகைகளுக்கு வரைபடம் போட்ட ஒருவரும், வணிகர், தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் மரத்தூளில் நின்ற காட்சியை நீங்கள் மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். இந்தியாவில் அன்று அத்தகைய வகுப்பு நடந்திருக்கக் கூடுமா என்பது ஐயமே. செருப்புத் தைக்கும் ஊசியும் தச்சனின் உளியும் இன்ன இன்ன குலத்தாரின் கையில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டு அங்கே கடல் கடந்த காரணத்தாலும், சிறைவாழ்வின் காரணத்தாலும் தளர்ந்திருந்தது.

அப்பண்ணையின் பள்ளிக்கு ஒரு விதி இருந்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். ஆசிரியர் செய்யாத எதனையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. எந்த வேலையானாலும் ஆசிரியர் ஒருவர் உடன் நின்று தாமும் செய்வார். சாலமனின் விதியோடு இதனைச் சேர்த்துப் பாருங்கள். சாலமன் ஆசிரியனின் கையை மாணவனின் பொருளிலிருந்து விலக்கினார். காந்தியடிகள் ஆசிரியனின் கையில் தனியாக ஒரு பொருளைக் கொடுத்தார். உடன் நின்று செய்கிற ஆசிரியன் பிழையும் செய்வான். அதை மாணவன் பார்ப்பான். பிழை செய்கிற ஆசிரியனைப் பார்க்கும் வாய்ப்பு நம் வகுப்பறைகளில் மாணவனுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

27 ஆண்டுகளுக்குப் பிறகு, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் கல்வி மாநாடு கூடிற்று. கைத்தொழிலையே மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே பிறந்தது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகீர் உசேன்; பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம். சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பணி செய்தவர் இவர். பின்பு தம் மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வியை நடத்தியவர். ஜாகீர் உசேன் குழு பரிந்துரைத்த தொழில்களுள் நூற்பு, நெசவு, வேளாண்மை, தோட்டவேலை, தோல்வேலை இவற்றோடு தச்சு வேலையும் இருந்தது.

ஆனால் வார்தாத் திட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. மாணவர் செய்யும் பொருள்களை விற்று வரும் பணம் ஆசிரியரின் சம்பளத்துக்கேனும் உதவவேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். ஏழை நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தருவதற்கு வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. பொருளாதார நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கம் பின்தங்கிவிடும் அபாயம் உண்டு என்று ஜாகீர் உசேன் குழுவே எச்சரித்தது. பட்டறையில் நின்று பார்த்தவனுக்கு அந்த எச்சரிக்கையின் பொருள் உடனே விளங்கும். விற்பனைக்காகச் செய்கிற இடத்தில் பலகை வீணாகக் கூடாது. பலகை வீணாகக் கூடாதென்றால், தெரிந்தவனுக்குத்தான் வாளைக் கொடுப்பார்கள். தெரியாதவன் தூசி தட்டிக்கொண்டு நிற்பான். நூற்பில் இந்தச் சங்கடம் குறைவு. அறுந்த நூலை மீண்டும் முறுக்கிச் சேர்க்கலாம். தமிழ்நாட்டின் ஆதாரப் பள்ளிகளில் தக்ளி பரவிய அளவுக்கு உளி பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயமும், 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமமும் கைத்தொழிற் கல்வியைப் போற்றி வளர்த்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவை நடந்துகொண்டிருந்த காலத்தில், மந்தைவெளியிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில், அடையாற்றில், வேறொரு பெரியவர் வந்து இறங்கினார். இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பரில் தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றனர். சில மாதங்கள் தங்கித் திரும்புவது அவர் எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிற்று. பிரிட்டிஷ் ஆட்சியின் பார்வையில் அம்மையாரும் மகனும் பகைநாட்டார் ஆயினர். மரியோவைக் காவலில் வைத்தனர். அம்மையார் அடையாற்று எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டியதாயிற்று. ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் அவருக்கு 70 வயது நிறைந்தபோது மகனை விடுவித்தனர். போர் முடிந்து, 1946இல்தான் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். இடையில் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார்.

மாண்டிசோரியின் சாதனங்களுள் பல மரத்தால் ஆனவை. அவற்றுள் ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். நீண்ட மரக்கட்டை ஒன்றில் வரிசையாகப் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் சரியாகப் பொருந்துகிற, குமிழ் வைத்த உருளை ஒன்று. குழந்தை பத்தையும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டு மீண்டும் அதனதன் குழியில் வைக்கவேண்டும். மெல்லிய உருளை ஒன்றைப் பருமனான குழியில் வைத்துவிட்டால் உடனே ஒன்றும் நேராது. உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் இறுதியில் கையில் ஒரு பருமனான உருளை மிஞ்சும். மிஞ்சிய குழியோ சிறியதாக இருக்கும். ‘நீ தவறிவிட்டாய்’ என்று ஆசிரியை சொல்லவேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது. பிழையைக் காட்டும் பொறுப்பை ஆசிரியரிடமிருந்து எடுத்துப் பொருளிடம் கொடுத்துவிட்டார் அம்மையார். மூன்று வயதுக் குழந்தை அழாமல், வெட்கப்படாமல், எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதை நான் அத்தகைய பள்ளி ஒன்றில் நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்த உருளைகளைக் கடைந்து குழியோடு பிசகின்றிப் பொருத்திய தச்சரின் கைவேலையும் அங்கே சேர்ந்தே கற்பிக்கிறது. குழி மயிரிழை அகன்றிருந்தால் கட்டை பொய் சொல்லிவிடும் அன்றோ?

அடுத்து நிகழ்ந்ததைப் பேசும்போது சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது. எனினும் விட்டுச் செல்ல முடியாது. 1953ஆம் ஆண்டு சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைக் கிராமப்புறங்களில் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைக்கப்பட்டது. இரண்டு முறையாகப் பிள்ளைகளைப் பிரித்தால், அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்பிரலில் இராஜாஜி விலகக் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இராஜாஜி நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று சொல்வோர் இன்றும் உளர். பள்ளிகளின் பற்றாக்குறை உண்மையே. ஆயினும் நேஸில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆசிரியன் சொல்லியே தீரவேண்டும். நேஸின் முறையில் எந்தப் பிள்ளையும் உளி பிடிக்கலாம். அதனால் அவன் தச்சன் ஆகவேண்டும் என்பதில்லை. இங்கோ தச்சன் மகனுக்கு உளியும், வண்ணான் மகனுக்குத் துணியும், எழுத்துத் தொழில் செய்வோன் மகனுக்கு எழுத்தும் என்று பிறப்பே பாடத்திட்டம் வகுத்தது. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் தேவைப்பட்டது இன்னும் ஓர் உளி அன்று; ஒரு புத்தகம். உளி தேவைப்பட்டது என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு. அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் கைத்தொழிலை வெறுத்தவர்கள் என்று கருதுவது தவறு. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, பள்ளியில் கைத்தொழில் என்றாலே பெற்றோருக்கு ஐயம் தோன்றலாயிற்று என்பதும் உண்மை. அந்த ஐயத்தை நான் குறை கூற மாட்டேன்.

பின்னர்க் கோத்தாரிக் குழு 1966இல் ‘செயல் அநுபவம்’ என்ற பெயரிலும், 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்ற பெயரிலும் கைவேலையை மீண்டும் பள்ளிக்கு அழைத்தன. பெயர்கள் நீண்டன; பட்டறைகள் சுருங்கின. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பழைய தச்சு வகுப்பறை ஒன்று இருந்தது. நான் சேர்ந்தபோது அதில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். தச்சு அறையிலேயே உடைந்த பெஞ்சுகள் பழுது பார்ப்பாரின்றிக் கிடந்தது அப்பொழுது எனக்கு உறுத்தவில்லை. தலைமையாசிரியன் ஆன பிறகும் அந்த அறையை நான் திறக்கவில்லை. பொதுத்தேர்வு முடிவுகளைப் பற்றிய கவலையே போதுமானதாக இருந்தது.

முக்காலிக்குப் பிறகு ஒரு புத்தகப் பெட்டி செய்தேன். மூடிக்கு அகலமான மாம்பலகை. அது வளையாமல் இருக்கட்டும் என்று அடியில் குறுக்கே இரண்டு சட்டங்களைப் பசையிட்டு, திருகாணியும் போட்டு இறுக்கினேன். ஐப்பசி மழையில் செய்தது. சித்திரை வெயிலில் ஒருநாள் மதியம் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். மூடி நடுவே நீளவாக்கில் பிளந்துவிட்டது. காரணத்தைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். மரம் ஈரத்தை உண்டு பருக்கும்; ஈரம் வற்றினால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் மாறும். ஆண்டு வளையங்களுக்கு இணையான திசையில், அவற்றுக்குக் குறுக்கான திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மாறும். பலகை அகலவாக்கில் சுருங்க விரும்பியது. குறுக்குச் சட்டம் அதன் நீளவாக்கில் கிடந்ததால் சுருங்க மறுத்தது. இரண்டையும் பசை பிணைத்திருந்தது. பலகை தன்னைத் தானே கிழித்துக்கொண்டது. பழைய வீட்டுக் கதவுகளில் பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையின்றித் தளர்வாகச் செருகியிருப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. நம் தச்சர்கள் அதனை எந்தப் புத்தகமும் இன்றி அறிந்திருந்தார்கள்.

பிளந்த மூடியை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். பெரியவர் பார்த்தார். “நானும் இதைச் செஞ்சிருக்கேன், சார்” என்றார். பதினோரு வயதில் மாமனின் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர் அவர். முதல் ஓராண்டு உளி தீட்டுவதும், சுருள் பெருக்குவதும், தேநீர் வாங்கி வருவதும். இரண்டாம் ஆண்டில் ஒரு கதவுப் பலகையில் என்னைப் போலவே சட்டத்தை இறுக்கிவிட்டார். சில மாதம் கழித்துப் பலகை வெடித்து, வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். மாமன் கொட்டாப்புளியின் பிடியால் முதுகில் அடித்தார். மூன்று வாரக் கூலி பிடித்துக்கொண்டார். தேக்குப் பலகை அது. “அதுக்கப்புறம் தப்பே பண்ணலை, சார். தெரியாத வேலையை எடுக்கிறதையும் விட்டுட்டேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, என் மூடியைத் தடவிக்கொண்டே, “உங்களுக்குத் தப்பு பண்ண நேரம் இருக்கு. எனக்கு அது இல்லாம போச்சு” என்றார். குறையாகச் சொல்லவில்லை; மரத்தின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மாமன் கதவு நிலைகளில் பூவேலை செய்வாராம். அதைக் கற்க அவருக்கு ஆசை இருந்ததாம். வீணாகும் மரத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற அச்சத்தால் கேட்கவே இல்லையாம். எழுபது வயதைக் கடந்த அவர் இதைச் சொல்லும்போது, நான் எனது பின்கட்டில் குவிந்திருக்கும் பாழான துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் என் ஓய்வூதியத்தில் வாங்கியவை.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மூடியிருக்கும் நேரத்தில் பெரியவர் எங்கள் பின்கட்டுக்கு வருகிறார். எனக்குக் கழுந்து வெட்டக் காட்டுவார். அதைத் தனித் துண்டில்தான் காட்டுவார், என் துண்டைத் தொடமாட்டார். சாலமனின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது, மிஞ்சிய மாம்பலகையில் பென்சிலால் ஒரு தாமரை வரைந்து, சிற்றுளியால் கொத்திப் பார்ப்பார். முதல் தாமரையின் இதழ் ஒன்று நார் ஓட்டத்தில் சிக்கிப் பெயர்ந்து விழுந்தது. அவர் முதுகை நிமிர்த்தி ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு துண்டைத் திருப்பி, மறுபக்கத்தில் இன்னொரு தாமரை வரையத் தொடங்கினார்.

என்னுடைய பாழான துண்டுகளில் சிலவற்றை, பாழான தேதியை எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். அந்த மாம்பலகையும் இப்பொழுது அந்த வரிசையில் தொங்குகிறது. தேதியை அவரே எழுதினார்.